கடை வாசலில் நின்ற மினி பஸ்

பொய் சொல்லித்தான் மினி பஸ் நிறுத்தத்தை என் கடை வாசலிலிருந்து விரட்டினேன். அதனால் என்னிடம் வேலை பார்க்கும் வசந்தியின் கால் முடமாயிற்று. பிறகு அந்தப் பழியைத் தூக்கி இன்னொருவர் தலையில் வைத்தேன்.

இதைப் படிக்கும் நீங்கள் யாரோ, எவரோ... யாராக இருந்தாலும் சரி, வசந்தியாக மட்டும் இருந்துவிடாதீர்கள்.

காரைக்குடியில் எனக்கு ஒரு ஜவுளிக்கடை. தெரு குறுகல். ஒரு பக்கம் கார் நின்றால் மறுபக்கம் ஆட்டோ திணறும். கண்டனூரிலிருந்து வரும் மினி பஸ் என் கடை வாசலில்தான் நிற்கும். கல்லூரிப் பிள்ளைகள், கூடையோடு சந்தைக்கு வரும் பெண்கள், வசந்தி, எல்லோரும் அங்கேதான் இறங்குவார்கள்.

அவர்கள் என் கண்ணில் படவில்லை. கார்கள்தான் பட்டன. கல்யாணத்துக்கு ஊர் வந்த பெரிய வீட்டுக்காரர்கள் பட்டெடுக்க வருவார்கள். நிறுத்த இடமில்லாமல் தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வேறு கடைக்குப் போய்விடுவார்கள். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

வார்டு கவுன்சிலரிடம் போனேன். கார் நிறுத்த இடம் வேண்டும் என்று கேட்டால் நடக்காது. ஆகவே வேறொன்று சொன்னேன்.

"பஸ்ஸுக்கு நிக்கிற பசங்க என் கடைப் பிள்ளைகள வம்பு பண்றாய்ங்க. வயசுப் பிள்ளைகள வச்சுக்கிட்டு எனக்குப் பயமா இருக்கு."

ஒருவனும் வம்பு செய்ததில்லை. என் கடைப் பிள்ளைகளின் பெயரைச் சொல்லி நான் இடம் பிடித்தேன்.

நிறுத்தம் பெரிய சாலைக்கு அந்தப் பக்கம் போயிற்று. என் வாசலில் கார்கள் வரிசையாக நின்றன. வியாபாரம் கூடியது. நான் சந்தோஷமாகவே இருந்தேன்... அதையும் மறைக்கப் போவதில்லை.

மழை பெய்த ஒரு காலை. பஸ்ஸை விட்டு இறங்கிய வசந்தி சாலையைக் கடக்கையில் சரக்கு வேன் ஒன்று அடித்துவிட்டது. அவளைத் தூக்கித் தன் வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தவர், என் எதிர்க்கடைக்காரரான பாத்திரக்கடை அண்ணன்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவர் சட்டையெல்லாம் ரத்தம். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நின்ற என் மனத்தில் முதலில் எழுந்தது என்ன தெரியுமா? இவள் பிழைப்பாளா என்பதல்ல. கவுன்சிலர் யாரிடமாவது சொல்லிவிடுவாரோ என்பது...

பிழைத்தாள். கம்பு ஊன்றி நடந்து கடைக்குத் திரும்பினாள். வேலையை அவளுக்காக வைத்திருந்தேன் என்று ஊரே என்னைப் புகழ்ந்தது. கல்லாவில் அவளை உட்காரவைத்தேன். "நீங்க இல்லாட்டி நான் என்னாயிருப்பேனோக்கா" என்று சொல்லிச் சொல்லி அழுவாள். அவள் அழும்போதெல்லாம் நான் கணக்குப் புத்தகத்தைப் புரட்டுவேன்.

ஒருநாள் சொன்னாள்: "நிறுத்தத்த இங்குட்டே கொண்டாரச் சொல்லிக் கேக்கப் போறேன். எனக்கு ஆனது இன்னொரு பிள்ளைக்கு ஆகக் கூடாது. நீங்களும் வாங்கக்கா. நீங்க சொன்னாக் கேப்பாக."

எப்படி மறுப்பது? போனேன்.

கவுன்சிலர் அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். "நாங்களா மாத்தலம்மா. பொம்பளப் பிள்ளைகளுக்குத் தொந்தரவுன்னு கடைக்காரவுக வந்து சொன்னாக. அதான்" என்றார். பதில் அவளுக்கு, பார்வை மட்டும் என் மேல்.

வசந்தி என் பக்கம் திரும்பினாள். "எங்கள யாரும் தொந்தரவு பண்ணலையே... யாருக்கா அப்படிப் போய்ச் சொன்னது?"

அப்போது சொல்லியிருக்கலாம். அந்த ஒரு நொடி எனக்குக் கிடைத்தது. ஆனால் என் வாய் வேறொன்றைப் பேசிவிட்டது.

"பாத்திரக்கடை அண்ணன்தான் அப்ப இதப்பத்தி ஏதோ பேசிக்கிட்டிருந்தாரு..."

கவுன்சிலர் மறுக்கவில்லை. ஏன் மறுக்கவில்லை? இன்றுவரை எனக்குத் தெரியாது. வழியில் எதிர்ப்பட்டால் "கடை எப்படிப் போகுது?" என்று மட்டும் கேட்கிறார்.

நிறுத்தம் திரும்பி வந்தது. மினி பஸ் மறுபடி என் வாசலில் நிற்கிறது. "அக்கா வந்து பேசுனதுனாலதான்" என்று வசந்தி எல்லோரிடமும் சொல்கிறாள். எதிர்க்கடைப் பக்கம் மட்டும் அவள் முகம் திரும்புவதில்லை.

அண்ணன் என்னைத் தேடி வந்தார். "தங்கச்சி, அந்தப் பிள்ள என்னப் பாத்தா மூஞ்சியத் திருப்பிக்கிருது. நான் என்ன தப்புப் பண்ணுனேன்? நீங்க கொஞ்சம் கேட்டுச் சொல்றீகளா?"

"கேக்குறேண்ணே" என்றேன். பாவம், நம்பிப் போனார்.

நேற்றுச் சேலை மடிக்கும்போது வசந்தி சொன்னாள்: "மனசே ஆறலக்கா. என்னத் தூக்கிட்டுப் போன மனுசன், ஏன் அப்படிச் சொன்னாரு? ஊர்லேருந்து வரவும் நேராவே கேட்டுரப் போறேன்."

அண்ணன் வெளியூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார். எந்த நாளும் வந்துவிடுவார். எதிர்க்கடையின் இரும்புக் கதவு இறங்கியிருக்கிறதா என்று நொடிக்கொரு தரம் பார்க்கிறேன். தெருவில் எவனோ ஒருவன் கடை திறக்கும் சத்தம் கேட்டாலும் எழுந்து வாசலுக்கு வந்துவிடுகிறேன்.

அவர் வருவதற்குள் நானே சொல்லிவிட வேண்டும். சொன்னால் அவள் என்னை எப்படிப் பார்ப்பாள்? சொல்லாவிட்டால்...

இன்று காலை பஸ் வந்து நின்றது. கம்பை முதலில் ஊன்றி, மெதுவாக இறங்கினாள். கடை வாசலில் வேறு யாருமில்லை. வாயைத் திறந்தேன்.

"சாப்பிட்டியா?" என்று கேட்டேன்.