மேற்குச் சரிவு

ரொறன்ரோவின் வோபர்னில் வேரோனிக்காவின் வீட்டு வரவேற்பறையில் ஒரு கண்ணாடி அலுமாரி இருக்கிறது. அதில் மாதா சொரூபத்துக்குப் பக்கத்தில், யார் வந்தாலும் உடனே கண்ணில் படும்படி, தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்று நிமிர்ந்து நிற்கும். அவளுடைய தம்பி சீமோன் எழுதியது. அரபு நாடொன்றில், பாலைவனத்தின் நடுவே தனித்து நிற்கும் ஒரு மலையின் இடப்பெயர்கள் அவ்வளவும் அதில் உண்டு. கழுதை மறுத்த ஏற்றம், உப்புக்காரன் தூங்கிய குகை, சகோதரர் பிரிந்த மேடு என்று ஒவ்வொரு பெயரும், அது வந்த கதையும்.

வேரோனிக்கா எட்டாம் வகுப்போடு நின்றவள். புத்தகத்தை அவள் எழுத்துக்கூட்டித்தான் வாசித்தாள். ஆனால் முதல் பக்கத்துக்கு எழுத்துக்கூட்டத் தேவையிருக்கவில்லை. ‘என் சகோதரிக்கு’ என்று ஒற்றை வரி. பெயர் இல்லை.

மொன்றியலில் இருக்கும் நடுத் தங்கச்சி பேர்ணடெற் புத்தகம் கிடைத்த அன்றே ரெலிபோன் எடுத்தாள்.

“எந்தச் சகோதரிக்காம்? நானும் அவனுக்கு அக்காதான்.”

“ஹோட்டல் லோன்றியில நிண்டு அவனைப் படிப்பிச்சது ஆரடி?”

“பார்க்டேலில இருக்கேக்க அவனுக்கு இங்கிலீசு சொல்லிக் குடுத்தது ஆர்? துவைச்சுத் துவைச்சே புத்தகம் எழுத வைச்சனியோ?”

வேரோனிக்கா ரெலிபோனை வைத்துவிட்டாள். கோவிலில் பூசை முடிந்து நின்றவர்களிடம் மட்டும் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டி, “எனக்குத்தான்” என்றாள்.

சீமோன் பத்தொன்பது வயதில் வளைகுடாவுக்குப் போனவன். அந்த மலையடியில் றோட்டுப் போட்ட கம்பனியின் முகாமில் கணக்குப்பிள்ளை வேலை. அங்கே ஆட்டுக்காரரோடு பழகி அரபு பிடித்துக்கொண்டான். பிறகு வேரோனிக்கா அவனை ரொறன்ரோவுக்கு எடுப்பித்தாள். பார்க்டேலில் ஒரே அறையில் மூன்று பேரும் இருந்தார்கள். அவன் நிலப்படம் வரையப் படித்தான், பிறகு கல்லூரியில் அதையே படிப்பித்தான். நிரந்தர வேலை கடைசிவரை கிடைக்கவில்லை. கலியாணத்துக்குப் பேசிய பெண் வீட்டாரிடம் மலையைப் பற்றியே கதைத்து எழும்பி வந்தான். மார்கழியில் நத்தார் விடுமுறை வந்தால் மலைக்குப் போய்விடுவான்.

அவனுக்கு ஒரு விதி இருந்தது. ஓர் இடத்தின் பெயரை அந்த இடத்திலேயே நின்றுதான் கேட்பான். ஒருவர் சொன்னதைச் சொல்லாமல் இன்னொருவரிடமும் கேட்பான். இரண்டு பேர் சொன்னதும் ஒன்றானால்தான் படத்தில் ஏறும். புத்தகத்தின் முன்னுரையிலும் இதை எழுதியிருந்தான்.

இன்னொரு விதியும் இருந்தது. அதை எங்கும் எழுதவில்லை. மலையின் மேற்குச் சரிவு ஆடு மேய்க்கும் இடம். அங்கே ஆடு மேய்ப்பது பெண்கள். பெண்கள் நிற்கிற பக்கம் சீமோன் போகமாட்டான். கூடாரத்தில் அவர்கள் பால் கொண்டுவந்து வைத்தால் தலையைக் குனிந்துகொள்வான். அவனுக்கு அதிகம் பால் கொடுத்தவளை உம் ஸாலிம், ஸாலிமின் தாய், என்றுதான் அவனுக்குத் தெரியும். அவளுடைய சொந்தப் பெயரை அவன் கேட்டதில்லை. பிறத்தியார் வீட்டுப் பெண்களின் பெயரை விசாரிக்கிற வளர்ப்பில் அவன் வளரவில்லை. அந்த ஊர் ஆண்கள், இவன் நல்ல குடும்பத்துப் பிள்ளை என்று அவனை மெச்சினார்கள். வேரோனிக்கா இதையும் கோவிலில் சொல்லியிருக்கிறாள்.

அப்படித்தான் புத்தகத்தின் படத்தில் மேற்குச் சரிவு வெள்ளையாக நின்றது. கிழக்கிலும் வடக்கிலும் எறும்பு மொய்த்ததுபோலப் பெயர்கள். மேற்கில் ஒன்றுமில்லை. ஓரத்தில் சிறிய எழுத்தில் ‘பெயர்கள் பதிவாகவில்லை’ என்று போட்டிருந்தான்.

புத்தகம் வந்த அடுத்த ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து சீமோன் வழக்கம்போல அக்காவின் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தான். நண்டுக் குழம்பு. கையெல்லாம் குழம்பாக இருக்கும்போது வீடியோ அழைப்பு வந்தது. உம் ஸாலிமின் மகள் நூறா. பட்டணத்தில் சட்டம் படிக்கிறாள். அவளுடைய ஆங்கிலம் வேரோனிக்காவுக்கும் விளங்குமளவுக்கு நிதானமாக இருந்தது.

“மேற்குச் சரிவைக் கல் உடைக்கும் கம்பனிக்குக் கொடுத்துவிட்டார்கள், சேர். அங்கே யாரும் புழங்கியதில்லை, அதனால்தான் ஓர் இடத்துக்கும் பெயரில்லை என்று கம்பனிக்காரர் சொல்கிறார்கள். அதற்குச் சாட்சியாக உங்கள் படத்தைத்தான் காணி அலுவலகத்தில் வைத்திருக்கிறார்கள்.”

சீமோன் நண்டுக் காலைத் தட்டில் வைத்தான்.

“அங்கே ஒவ்வொரு கல்லுக்கும் பெயர் இருக்கிறது என்று அம்மா சொல்கிறா. இவ்வளவு காலமும் எங்கள் பாலைக் குடித்த மனிதர் எங்களிடம் ஒரு வார்த்தை ஏன் கேட்கவில்லை என்றும் கேட்கிறா. நீங்கள் கேட்கவில்லை என்பதை மட்டும் எழுதித் தாருங்கள். போதும்.”

அழைப்பு முடிந்ததும் வேரோனிக்கா கொதித்தாள்.

“நீ ஒண்டும் எழுதாதை. இவ்வளவு பாடுபட்டு எழுதினதை நீயே பிழையெண்டு சொன்னா, உன்ர பேர் என்னத்துக்கு ஆகும்? காலேஜில சிரிப்பாங்கள்.”

“பிழைதானே பெரியக்கா.”

“என்ன பிழை? பொம்பிளையளை மதிச்சது பிழையோ? உவையள் கேக்காமலே சொல்லியிருக்கலாம்தானே. வாய் இல்லையோ?”

“ஆரும் கேக்காமல் நீ எதையாவது சொல்லியிருக்கிறியோ?”

வேரோனிக்காவுக்குச் சுள்ளென்றது. “நான் ஏன் சொல்லவேணும்? எனக்கென்ன மலையோ இருக்கு?” என்று தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள். அவன் கைகூடக் கழுவாமல் அப்படியே இருந்தான்.

அவன் எழுதினான். நான் ஆண்களிடம் மட்டுமே கேட்டேன், வெள்ளையாக இருப்பது என் குறையே தவிர மலையின் குறை அல்ல என்று அரபில் எழுதி, கல்லூரி முத்திரையும் வாங்கி அனுப்பினான். பதிலுக்காகக் காத்திருந்த நாட்களில் ஞாயிற்றுக்கிழமைகளில் பாதிச் சோற்றோடு எழும்பினான். வேரோனிக்கா மிச்சத்தை மூடிவைத்தாள். எழுதாதே என்று சொன்னவள்தான், ஆனாலும் அந்தக் காணிக் கந்தோர்க்காரருக்கு நல்ல புத்தி வரவேண்டுமென்று மாதாவிடம் கேட்டுக்கொண்டாள்.

பதில் வந்தது. நூலாசிரியரின் வருத்தத்தைக் கவனத்தில் எடுத்தோம். ஆனால் ஒரு பெயர் அந்த இடத்தில் வைத்தே கேட்கப்பட்டு, இரண்டு பேரால் தனித்தனியே உறுதிசெய்யப்பட வேண்டுமென அவரது நூலின் முன்னுரையே கூறுகிறது. அவ்வாறு உறுதிசெய்து அனுப்பினால் பரிசீலிப்போம்.

“அப்ப கேட்டு அனுப்பன்,” என்றாள் வேரோனிக்கா. “அதுதான் நல்லாச் சொல்லியிருக்கினமே.”

“கம்பனி வேலி போட்டிட்டுது. இனி ஒருதரையும் உள்ளுக்கு விடாங்கள்.”

“போனிலையாவது கேள்.”

அவன் கேட்டான். வேரோனிக்கா பக்கத்தில் இருந்து பார்த்தாள். திரையில் அரசாங்கம் கட்டிக் கொடுத்த வீட்டின் சீமெந்துச் சுவர். அதன் முன்னால், முகத்தை மூடிய ஒரு வயதான பெண், உம் ஸாலிம். சீமோன் அப்போதும் திரையை நேரே பார்க்காமல் மேசையைப் பார்த்துத்தான் கேட்டான். அவள் கொஞ்ச நேரம் பேசினாள். குரலில் கோபமில்லை. அது வேரோனிக்காவுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

“என்னவாம்?”

“நடந்து போகேக்க கால் சொல்லுமாம். சுவரைப் பாத்துக்கொண்டு இருந்தா ஒண்டும் வருகுதில்லையாம். அவவோட மேய்ச்ச மற்றவையும் செத்துப் போச்சினமாம். இரண்டாவது ஆளுக்கு எங்கை போறது எண்டு கேக்கிறா.”

“அவவின்ர பேரை எண்டாலும் கேட்டனியோ?”

சீமோன் அப்போதுதான் திரையை நேரே பார்த்தான். அழைப்பு எப்போதோ முடிந்திருந்தது.

அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு முதலே அவன் அலுமாரியைத் திறந்து புத்தகத்தை எடுத்தான். முதல் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தான்.

“பெரியக்கா, உன்ர பேரை இதில எழுதட்டோ? பேர் போட்டா மரியாதை இல்லையெண்டு நினைச்சுத்தான் அப்ப விட்டனான்.”

வேரோனிக்கா அகப்பையோடு வந்து நின்று அந்த வரியைப் பார்த்தாள். வரிக்குக் கீழே நிறைய இடம் இருந்தது.

“வேண்டாம். அச்சில இல்லாததை இப்ப கையால எழுதினா, நானே எழுதிப்போட்டன் எண்டு பேர்ணடெற் சொல்லுவாள். இல்லையெண்டு சொல்ல எனக்கு ஆர் சாட்சி?”

“நான் இருக்கிறன்தானே.”

“நீ ஒராள்தானே,” என்றாள் வேரோனிக்கா.

அவன் பேனாவை மூடினான். அவள் புத்தகத்தை வாங்கி அலுமாரிக்குள் வைத்தாள். இந்த முறை நிமிர்த்தி வைக்கவில்லை, படுக்க வைத்தாள். பிறகு அவனுக்குச் சோறு போட்டாள்.