கை மாறிய இலக்கம்

ஒரு கணினி நிரலை ஓட்டாமலே வாசித்து, அது நினைவகத்தில் தேடிப்போகும் இடம் இன்னும் செல்லுபடியாகுமா என்று பார்ப்பது என் வேலை. விடுவித்த இடத்தில் வேறொன்று குடியேறிய பிறகும் பழையதைத் தேடிப்போனால், என் கருவி சிவப்புக் கோடு போடும்.

இன்று வந்தாறுமூலை பஸ்ஸில், பக்கத்திலிருந்த அம்மா கேட்டார்: "என்ட போன்ல சார்ஜ் இல்ல மகள். மகனுக்கு ஒருக்கா எடுத்துத் தாங்க."

இலக்கத்தை மனப்பாடமாகச் சொன்னார். எடுத்துக் கொடுத்தேன்.

"சாப்பிட்டியா மனே? காத்து கூடவாக் கிடக்கு. தோணிய எடுக்காத."

செங்கலடியில் இறங்கிப் போனார்.

சற்று நேரத்தில் அதே இலக்கத்திலிருந்து அழைப்பு.

"அம்மாட போனுக்கு என்ன அக்கா?" என்றது ஓர் ஆண் குரல்.

"சார்ஜ் இல்லையாம். நீங்கதானே மகன்?"

"இல்ல அக்கா. அவர் வாவியில தவறிட்டார். பிறகுதான் இந்த நம்பர் எனக்கு வந்த. நான் புடவைக் கடையில நிக்கிறன். எனக்குத் தோணியே விடத் தெரியாது."

"அவவுக்கு இது தெரியாதா?"

"முதல் நாளே சொன்னன். 'ஓம் மனே' எண்டுட்டு, சாப்பிட்டியா எண்டு கேட்டா."

வேலை மேசைக்கு வந்துவிட்டேன். திரையில் ஒரு சிவப்புக் கோடு காத்திருக்கிறது. அதைத் திருத்த இன்று கை வரவில்லை.

பிழை எந்த வரியில் என்று யாராவது சொல்லிவிட்டுப் போங்கள்.