மேல என்றால் எங்கே?

நேற்று போடிமெட்டுக்குப் போகிற பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் போனில், "மேல போய்க்கிட்டிருக்கேன்டா, டவரு போயிரும், வையி" என்றார். அந்த 'மேல' காதில் விழுந்ததும் எனக்கு என்னமோ செய்தது. ஒரு காலத்தில் அந்தச் சொல்லுக்கு நான்தான் காவல்காரன். சிரிக்காதீர்கள், நிஜம்தான்.

போடியிலும் ஏலமலையிலும் ஜனங்கள் பேசுகிற சொல், சொலவடை எல்லாவற்றையும் பொருளோடு சேர்த்து வைக்க இணையத்தில் ஒரு பக்கம் நடத்திவந்தேன். ஜெராக்ஸ் கடையில் நிற்கிறவனுக்கு அகராதி ஆசை! என் வீட்டுக்காரி அதற்கு வைத்த பெயர், "சோறு போடாத சோலி". டீக்கடையில் ஒருவர் தன் மச்சினனை, "அவனா? மெட்டுல மழை பெஞ்சா போடியில கொடை பிடிப்பான்" என்று திட்டினார். அடுத்தவர் பவுசில் அலட்டிக்கொள்கிறவனாம். பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு, மறப்பதற்குள் இணையப் பக்கத்தில் ஏற்ற ஓடினேன்.

இம்சைக்கும் குறைவில்லை. எங்கள் ஊரில் 'காய்' என்றால் ஏலக்காய்தான், கத்திரிக்காய் எல்லாம் கணக்கில் வராது. அப்படித்தான் எழுதினேன். அதற்குக் கீழே தினமும் யாராவது வந்து, "அண்ணே, இன்னைக்குக் காய் என்ன வெல?" என்பார்கள். இது விலை சொல்கிற பக்கம் இல்லை என்று பணிவாகப் பதில் போட்டால், "பெறகு எதுக்குக் காய்னு போட்டீக?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

ஆனால் 'மேல'வுக்கு வந்த சண்டை தனி ருசி. "மேல: மலை. 'மேல போறேன்' என்றால் மலைத் தோட்டத்துக்குப் போகிறார் என்று பொருள்" என்று எழுதியிருந்தேன். 'ஏலப்பூ' என்ற புனைபெயரில் எஸ்டேட்டில் பிறந்த ஒரு பெண் வந்து பிடித்துக்கொண்டார்.

"யாருக்குண்ணே மேல? நாங்க அங்கனயே பெறந்தவுக. எங்களுக்கு அது வீடு. கீழன்னுதான் ஒண்ணு இருக்கு, அது போடி."

போடிக்குப் பக்கத்தில் சிலமலை என்ற ஊர், அந்தச் சிலமலைக்காரர் ஒருவர் விடவில்லை. "எறங்கி வந்தா ஏறித்தான ஆத்தா போகணும்? அப்ப மேலதான?"

"வீட்டுக்குப் போறவுக ஏத்தம் பாக்க மாட்டாக, அப்பு."

சிலமலைக்காரர் கும்பிடு போடுகிற பொம்மை ஒன்றைப் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டார். நான் கடையில் ஜெராக்ஸ் மிஷினை ஓடவிட்டு, அந்த வரியையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். பொருளில் 'வீடு' என்பதையும் சேர்க்க வேண்டும் என்று நினைத்தேன். பக்கம் எங்கே ஓடிவிடப் போகிறது என்று ஒரு தைரியம்.

ஓடிவிட்டது. பக்கத்துக்கு இலவசமாக இடம் கொடுத்தவர்கள் கடையைக் கட்டப்போவதாகவும், வேண்டியதை எடுத்துக்கொள்ளும்படியும் எழுதினார்கள். சொன்னபடி எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் இறக்கினேன். இனி கவலை இல்லை என்றிருந்தவன், பக்கம் மூடிய பிறகுதான் இறக்கியதை நிதானமாகத் திறந்து பார்த்தேன். நான் எழுதிய சொல்லும் பொருளும் ஒன்று விடாமல் இருந்தன. கீழே ஜனங்கள் பேசியது ஒரு வரிகூட இல்லை. தேங்காயை விட்டுவிட்டு மட்டையைத் தூக்கி வந்த கதை.

ஏலப்பூவைத் தேடினேன். எந்த எஸ்டேட், என்ன பெயர், யார் வீட்டுப் பிள்ளை, ஒன்றும் தெரியாது. மேலே போகும்போதெல்லாம் ஜீப்புக்காரர்களிடம் விசாரித்தேன். "பூன்னு முடியிற பேரு லைன் வீட்டு வரிசைக்கு நாலு இருக்குண்ணே" என்று சிரித்தார்கள்.

பிறகு ஒருநாள் கம்ப்யூட்டரில் இருந்த பிரதியில் நானே உட்கார்ந்து, 'மேல'வுக்கு இரண்டாம் பொருளாக 'வீடு' என்று சேர்த்தேன். அந்தப் பெண் சொன்னதையும் அதன் கீழே எழுதினேன், இங்கே உங்களுக்கு எழுதியது போலவே. எழுதி முடித்ததும் சந்தேகம் வந்துவிட்டது. 'அங்கனயே பெறந்தவுக' என்றாரா, 'அங்கிட்டே பெறந்தவுக' என்றாரா? சொல்லுக்காகவே உட்கார்ந்திருந்தவனுக்கு அது நினைவில் இல்லை. திருத்துவதற்கு இப்போது யாரும் வருவதில்லை.