வளைத்த இடத்தில் ஒட்டிய காந்தம்

எங்கள் வீட்டில் சமைக்கிற குசினியின் வாசலில் ஓர் ஆணி உண்டு. அதில் சிவப்பு நூலில் ஒரு காந்தம் தொங்கும். பழுதாய்ப் போன ரேடியோவின் ஸ்பீக்கரைப் பிரித்து எடுத்த வட்டக் காந்தம். அதற்குச் சொந்தக்காரர் என் மதினி, அண்ணனின் மனைவி. மதினி எதையும் நம்ப மாட்டார். பாலை மோந்து பார்ப்பார், மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பார், முட்டையைக் காதருகே ஆட்டிப் பார்ப்பார். பால்காரன் சிரித்துவிட்டுப் போனால், இன்றைக்கு அவன் ஏன் சிரிக்கிறான் என்று என்னிடம் கேட்பார். தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் இருக்கும் பெண்கள் அவரைச் சந்தேகக்காரி என்று முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். எனக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. டிக்கோயாவுக்கும் ஹட்டனுக்கும் நடுவே ஓட்டோ ஓட்டுகிறவன் நான். நாள் முழுக்க மனிதர்களை ஏற்றி இறக்குகிறவனுக்கு யார் மேலும் அவ்வளவு சீக்கிரம் நம்பிக்கை வந்துவிடாது.

அண்ணனுக்குக் கொழும்பில் கடை வேலை. அதனால் வீட்டின் முன்னறைகள் இரண்டையும் சுற்றுலாக்காரர்களுக்கு விடுவதென்று மதினிதான் முடிவு செய்தார். சிவனொளிபாதமலை சீசனில் ஆட்கள் நிறைய வருவார்கள். குளிரில் வந்து இறங்குகிறவர்களுக்கு வீட்டுக்குப் பின்னால், பாதியாக வெட்டிய பீப்பாயில் கரி மூட்டிக் கோழி சுட்டுக் கொடுப்போம். பீப்பாய் மேல் வைக்கும் கம்பித் தட்டை ஹட்டனில் ஒரு கடையில் வாங்கினோம். சில்வர் வேண்டும் என்று மதினி கேட்டார். சில்வர்தான் என்று கடைக்காரரும் சொன்னார். எங்கள் பக்கம் துருப் பிடிக்காத உருக்குக்கும் சில்வர் என்றுதான் பெயர், பளபளவென்று பூசிய நிறத்துக்கும் அதே பெயர்தான். அவர் விற்றது நிறத்தை. கொஞ்ச நாளில் பூச்சு கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. கொழும்பிலிருந்து வந்த ஒரு சிங்கள அம்மா, தன் குழந்தைக்குப் பிய்த்துக் கொடுத்த கோழித் துண்டிலிருந்து மினுங்குகிற செதில் ஒன்றை எடுத்து எங்களிடம் காட்டினார். கோபப்படக்கூட இல்லை. மதினிக்கு அதுதான் தாங்கவில்லை. அந்தப் பிள்ளை விழுங்கியிருந்தால் என்னாவது என்று வாரக்கணக்கில் புலம்பினார். காந்தம் ஆணிக்கு வந்தது அப்போதுதான். நல்ல சில்வரில் காந்தம் ஒட்டாது என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

மதினிக்குக் கூடப் பிறந்தது ஒரே தம்பி. தாய் போனபின் மதினி தூக்கி வளர்த்த பிள்ளை. ஹட்டனில் ஒரு வெல்டிங் பட்டறையில் வேலை பார்த்தான். செதில் கதையைக் கேட்டுவிட்டு, நல்ல தடித்த சில்வர் கம்பியாகப் பார்த்து, இறைச்சி நழுவி விழாதபடி நெருக்கமாக வைத்து, தானே ஒரு தட்டுச் செய்து கொண்டுவந்தான். பஸ்ஸில் மடியில் வைத்தே கொண்டுவந்திருக்கிறான். இரண்டு பக்கமும் கம்பியை வளைத்துக் கைப்பிடி வைத்திருந்தான். காசு ஒன்றும் வேண்டாம் என்றான். அந்த இடத்திலேயே மதினியின் முகம் மாறியதை நான் பார்த்தேன். சும்மா கிடைக்கிற பொருளை அவர் எப்போதும் இரண்டு தடவை திருப்பிப் பார்ப்பார்.

ஆணியிலிருந்து காந்தத்தை எடுத்துவந்து கம்பி கம்பியாக வைத்தார். ஒட்டவில்லை. கைப்பிடியின் வளைவில் வைத்தார். பிடித்துக்கொண்டது. மெல்லத்தான் பிடித்தது, ஆனால் பிடித்தது.

"இது என்னடா?"

"வளைச்ச எடத்துல கொஞ்சம் புடிக்கும்க்கா. சில்வரு அப்புடித்தான். நீ கம்பியப் பாரு, ஒன்னும் இல்லயே" என்றான் அவன்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் அது கையும் களவுமாகப் பிடிபட்டவன் சொல்லுகிற சாக்குப் போலத்தான் கேட்டது. பட்டறையில் கழித்துப் போட்டதை ஒட்டுப்போட்டு எடுத்துவந்துவிட்டானோ என்று நினைத்தேன்.

"கடக்காரன் ஏமாத்துனான், அவன் யாரோ எவனோ. நீ எங்கூடப் பொறந்தவன்டா" என்றார் மதினி.

அவன் ஊற்றி வைத்த தேத்தண்ணியைக் குடிக்காமல் எழுந்து போனான். அந்தத் தீபாவளிக்கு வரவில்லை, பொங்கலுக்கும் வரவில்லை. வெளிநாட்டுக்குப் போய்விட்டான் என்ற செய்தியை பஸ் ஸ்டாண்டில் அவன் கூட்டாளி சொல்லித்தான் நான் அறிந்தேன். நான் வீட்டுக்கு வந்து சொன்னபோது மதினி, "சொல்லிட்டுப் போவக்கூட ஆளு இல்லயா அவனுக்கு" என்று கேட்டுவிட்டுக் கறிக்கு உப்புப் போட்டார். கொஞ்சம் கழித்து மறுபடியும் போட்டார்.

அவன் செய்த தட்டை மதினி அடுப்பில் ஏற்றவே இல்லை. கோழிக்கூட்டுப் பக்கம் சுவரில் சாத்தி மழையில் நனையவிட்டார். துருப் பிடிக்கட்டும், அப்போது தெரியும் அவன் லட்சணம் என்றார். கண்டியிலிருந்து வேறொன்று வாங்கி வரச்செய்தார். அதில் காந்தம் எந்த மூலையிலும் ஒட்டவில்லை. மதினிக்குப் பரம திருப்தி. அதைத் துடைத்து எண்ணெய் பூசி உள்ளே வைத்தார். ஆனால் விடிந்ததும் முதல் வேலையாக முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு கோழிக்கூட்டுப் பக்கம்தான் போவார். குனிந்து அந்த வளைவை விரலால் தேய்த்துப் பார்ப்பார். துருவைத் தேடுகிறாரா, துரு வந்துவிடக் கூடாதென்று பயப்படுகிறாரா என்று எனக்குக் கடைசி வரை பிடிபடவில்லை.

எங்கள் ஊர் மழைக்கு ஜன்னல் கொக்கி கூடத் தப்பாது. அந்த மழைக்காலம் முடியும்போது கண்டியில் வாங்கிய தட்டு, உள்ளே பத்திரமாக இருந்தபடியே, ஒட்டு வைத்த இடமெல்லாம் செம்மண் நிறமாகிவிட்டது. வெளியே கிடந்ததில் பாசி படிந்திருந்தது. தேங்காய் மட்டையால் மதினி தேய்த்ததும் புதிதுபோல் வந்துவிட்டது. நான் போனில் தேடிப் பார்த்தேன். மலிவான சில்வரில் காந்தம் ஒட்டாத ரகமும் இருக்கிறதாம், அது துருப் பிடிக்குமாம். நல்ல சில்வரையும் வளைத்தால் வளைத்த இடத்தில் காந்தம் லேசாகப் பிடிக்குமாம். வாசித்துக் காட்டினேன். மதினி கேட்டுக்கொண்டே நின்றார். அன்றைக்குத் தம்பி செய்த தட்டைப் பீப்பாய் மேல் வைத்துக் கரி மூட்டினார். விருந்தாளி ஒருவரும் இல்லை, கோழியும் இல்லை. சும்மா எரியவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவனுக்குப் போன் போடச் சொன்னார்.

நம்பரைத் தேடிப் பிடித்து அழைத்தேன். அவன் எடுத்தான். "சொல்லுங்கக்கா" என்றான். பேசத் தெரிந்த நாளிலிருந்து அக்காவை நீ, வா, போ என்று அழைத்தவன். அந்த 'ங்க' கேட்டதும் மதினி சுவரில் கைவைத்துக்கொண்டார்.

"ஒந்தட்டு துருப் புடிக்கலடா."

"இப்ப எதுக்குக் கூப்புட்டீங்க? ஏதும் வேணுமா?" என்று கேட்டான். மதினியின் தம்பிதான், சந்தேகமில்லை. ஒன்றும் வேண்டாம், லீவில் வரும்போது வீட்டுக்கு வா என்றார் மதினி. "பாப்பம்" என்று சொல்லி வைத்துவிட்டான்.

அடுத்த நாள் காந்தத்தை ஆணியிலிருந்து கழற்றி, எங்காவது எறிந்துவிடு என்று என் கையில் கொடுத்தார். நான் எறியவில்லை, ஓட்டோவில் போட்டு வைத்தேன். காந்தம் இல்லாமல் மதினி எத்தனை நாள் இருப்பார் என்று எனக்குச் சந்தேகம். பாப்பம் என்றால் வருவேன் என்று அர்த்தமா, வரமாட்டேன் என்று அர்த்தமா என்று அவர் தினமும் என்னிடம் கேட்கிறார். அடுத்த மாதம் அவனுக்கு லீவு என்று கூட்டாளி சொல்லியிருக்கிறான்.

நேற்று, நான் நினைத்தபடியே, காந்தம் எங்கே என்று கேட்டார். புதிதாக யாரைச் சோதிக்கப் போகிறீர்கள் என்றேன். சிரிக்காமல் வாங்கி, முந்தானையால் துடைத்து, பழைய ஆணியிலேயே மாட்டினார்.

"அவன் வந்தா அவங்கையில குடுக்கணும். அவனே தூக்கி எறியட்டும்."