கதவைத் திறப்பவர்களுக்கான கடிதம்

கிளிஃபர்ட் என்ட்விசில் பேருந்திலிருந்து இறங்கும்போதே, மூன்றாம் மாடியில் படுத்துக்கொண்டு பூட்ஸ் சத்தத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவேன். சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்லிவிட்டேன்; பாதிப் படிக்கட்டு ஏறிய பிறகுதான் தெரியும். விரல்முட்டியால் கதவில் மூன்று தட்டு. உடனே இரண்டடி பின்வாங்கி, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பார். அட்டையில் இருக்கும் ஆளுக்குத் தலை நிறைய முடி.

அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லை கொடுப்பவர்களை அடக்குவதுதான் நகராட்சியில் அவருக்கு வேலை. முதலில் எச்சரிக்கை. அடங்காவிட்டால் ஆணை. அதையும் மீறினால் நீதிமன்றம். கடைசியில் நகராட்சி வாடகைக்குக் கொடுத்த வீட்டின் சாவி பறிபோகும். இத்தனை அதிகாரத்தையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, முட்டை சாண்ட்விச்சோடு ஒரே பையில் வைத்துக்கொண்டு இங்கிலாந்தின் லங்காஷர் மழையில் நடப்பார். நாய்களுக்கென்று கோட்டுப் பையில் பிஸ்கட். "கடிச்ச நாயெல்லாம் இப்ப சிநேகிதமாயிடுச்சு. மனுசங்கதான் இன்னும் கடிக்கிறாங்க" என்பார்.

கடிதத்தைக் கையில் திணித்துவிட்டு ஓடுகிற ஆள் இல்லை. வாசலிலேயே நின்று முழுவதும் வாசித்துக் காட்டுவார். முன்பு ஒருவர் தனக்குப் படிக்கத் தெரியாது என்று சொல்லக் கூச்சப்பட்டு, வந்த கடிதங்களையெல்லாம் டிராயரில் போட்டுவைத்தே வீட்டை இழந்தாராம். அதிலிருந்து இந்தப் பழக்கம். வாசித்து முடித்ததும், "மனசுல வச்சுக்காதீங்க கண்ணு, நான் வெறும் கடுதாசிக்காரன்" என்பார். நாலு வயதுக்கும் தொண்ணூறு வயதுக்கும் அவர் வாயில் 'கண்ணு'தான்.

என் எதிர்வீட்டு ஏவிஸ் கிராம்ப்டனுக்கு எழுபத்தொன்பது வயது. சாயங்காலமானால் கீழே முற்றத்தில் பையன்கள் முகத்தை மூடிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் சுற்றிச் சுற்றி வருவார்கள். ஏவிஸ் பால்கனியில் நின்று பாத்திரத்தைக் கரண்டியால் அடித்து, "போய்த் தொலைங்கடா! வீட்டுல யாரும் தேட மாட்டாங்களா உங்கள?" என்று கத்துவாள். ஆறு வருடம் புகார் கொடுத்தும் பார்த்தாள். பையன்களின் பெயர் அவளுக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்ல மாட்டார்கள். கிளிஃபர்ட் கையை விரித்தார். "கதவத் தொறக்குறவங்களுக்குத்தான் கண்ணு என்னால கடுதாசி குடுக்க முடியும்."

பிறகு நகராட்சி, தொல்லைகளைக் குறித்துவைக்கச் சொல்லி வீட்டுக்கு வீடு ஒரு குறிப்பேடு கொடுத்தது. தேதி, நேரம், என்ன சத்தம், அதனால் என்ன பாதிப்பு. எங்கள் ஊர் ஆட்கள் நேரில் கண்டால் மழையைப் பற்றித்தான் பேசுவார்கள். மனத்தாங்கலைப் படிவத்தில்தான் கொட்டுவார்கள். பையன்களைப் பற்றி எழுதினால் ஜன்னல் உடையும். ஆகவே எல்லாரும் ஏவிஸின் பாத்திரத்தைப் பற்றி எழுதினார்கள். நானும் எழுதினேன். உள்ளபடி எழுதினால் உப்புச்சப்பில்லாமல் இருக்கிறதே என்று, ஒரே நாளில் பதினோரு முறை என்று போட்டேன்.

எச்சரிக்கை வந்தது. ஏவிஸ் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. போன செவ்வாய்க்கிழமை ஆணை வந்தது. மூக்குக்கண்ணாடியைக் காணவில்லை என்று ஏவிஸ் என்னைத் துணைக்குக் கூப்பிட்டாள்.

"இனிமே பாத்திரத்த அடிச்சா கோர்ட்டு. அப்புறம் வீடே போயிடும். புரியுதா கண்ணு?" என்றார் கிளிஃபர்ட்.

"நாப்பத்தோரு வருசமா இங்க இருக்கேன். இத விட்டா எங்க போவேன் நான்? ஆமா, யாரு எழுதிக் குடுத்தது?"

"அத நான் சொல்லக்கூடாது."

"நீங்க சொல்ல வேணாம். இவ நம்ம ஆளு, ரெண்டே நாள்ல கண்டுபிடிச்சுடுவா" என்று ஏவிஸ் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

கிளிஃபர்ட் என் பக்கம் திரும்பவில்லை. தாளைப் பார்த்தே மேலே வாசித்தார். "மார்ச் நாலாம் தேதி, பதினோரு தடவ..."

"மூணு" என்றாள் ஏவிஸ். "அதுக்கு மேல எனக்குக் கை தூக்க வராது."

அவர் பேனாவை எடுத்தார். பதினொன்றை அடித்து, மேலே மூன்று என்று எழுதி, ஓரத்தில் சிறிதாகக் கையொப்பமிட்டு, அதே ஆணையை அவளிடம் நீட்டினார்.