நான் எழுதிக் கொடுத்த கடிதம்

அண்ணை தன் ட்ரைவிங் லைசென்ஸைச் சட்டையில் ஒருமுறை துடைத்துவிட்டுத்தான் கடித உறைக்குள் வைத்தார். அதை அரசாங்கத்துக்கே திருப்பி அனுப்பச் சொன்னவன் நான்.

புலம்பெயர்ந்து வந்த நகரத்தின் மோர்னிங்சைட் பகுதியில் அவரும் நானும் ஒரே அடுக்குமாடிக் கட்டடத்தில் குடியிருந்தோம்; உறவில்லை, வயதில் மூத்தவர் என்பதால் அண்ணை. அவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டினார். எனக்கு ஆங்கிலம் ஓரளவு வரும் என்பதால் கட்டடத்துத் தமிழர்கள் கடிதங்களோடு என்னிடம் வருவார்கள். அந்த மதிப்பு எனக்குப் பிடித்திருந்தது. வேலை போய் வீட்டிலிருந்த மாதங்களில் சில காணொளிகளைப் பார்க்கத் தொடங்கினேன். அவற்றில் பேசியவர்கள் சொன்னது இது: அரசாங்க அட்டைகளில் பெரிய எழுத்தில் இருக்கும் பெயர் நாமல்ல, அது ஒரு கம்பனி. வேலைக்கும் வரிக்கும் அரசாங்கம் தரும் சின் நம்பரும் லைசென்ஸும் நாம் அறியாமல் ஒப்புக்கொண்ட ஒப்பந்தங்கள். சம்மதமில்லை என்று எழுதிக் கொடுத்தால் சட்டம் நம்மைத் தொடாது என்றார்கள். யாருக்கும் வேண்டாதவனாகிப் போயிருந்த எனக்கு அது தித்தித்தது.

அந்த நாட்களில்தான் அண்ணைக்கு, சொந்தக் காரை ஸ்டொப் சைனில் நிறுத்தவில்லை என்று ஒரு பொலிஸ் ரிக்கற் கிடைத்தது. விட்டிருந்தால் அபராதத்தைக் கட்டிவிட்டு மறந்திருப்பார். நான் விடவில்லை. அவருக்குச் சம்மதமில்லை என்று அவர் பெயரில் மூன்று பக்கக் கடிதம் எழுதினேன்; லைசென்ஸையும் அதோடு வைக்கச் சொன்னேன்.

“தம்பி, உது சரிவருமோ?”

“சட்டமே உதுதான் அண்ணை.”

“நீர் படிச்சனீர். நீர் சொன்னால் சரி.”

சில வாரங்களில் பொலிஸ் அவருடைய காரை மறித்தது. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதாக வழக்கு. பஸ் கம்பனி அன்றே சாவியை வாங்கிக்கொண்டது.

கோர்ட்டில் நான் கடைசி வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்தேன். நீதிபதி கடிதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இதை யார் எழுதியது என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார். ஆங்கிலத்தில் ஒரு வரிகூட எழுதத் தெரியாத மனிதர், திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: “நான்தான் எழுதினனான்.”

நான் எழுந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். என் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்ததும் அவரே பேச்சைத் தொடங்கினார். “உமக்கு இப்பத்தான் வேலை கிடைச்சிருக்கு. உம்மையும் ஏன் இழுப்பான்?” பஸ்ஸில் வீடு வரும்வரை ஆளுக்கொரு யன்னலைப் பார்த்தபடி வந்தோம்.

லைசென்ஸ் பிறகு திரும்பக் கிடைத்தது. பள்ளிக்கூட பஸ் கிடைக்கவில்லை. இப்போது ஒரு மரக்கறிக் கடையில் பெட்டி இறக்குகிறார். முன்பு காலையில் ஏறும் பிள்ளைகளின் பெயர்களையெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அந்தப் பேச்சையே விட்டுவிட்டார்.

போன கிழமை ஓய்வூதியக் கடிதமொன்றுடன் என் கதவைத் தட்டினார். இத்தனை வருடம் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்ல வாயெடுத்தேன். “அண்ணை, அண்டைக்குக் கோர்ட்டில…”

“முதல் உந்தக் கடிதத்தை வாசியும், தம்பி.”

வரி வரியாகத் தமிழில் வாசித்துச் சொன்னேன். என் சொந்தச் சொல் ஒன்றுகூடச் சேர்க்கவில்லை. முடித்ததும் வேறொன்றும் கேட்காமல் பேனையை எடுத்து, நான் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டார்.