சுமேரியரின் பெயர்ப்பட்டியலும் என் அண்ணனும்

பேர்லினில் ஓர் அருங்காட்சியகத்தில், சுமேரியரின் பொருட்கள் இருக்கும் கூடத்துக்கு நான் காவல். காவல் என்றால் துப்பாக்கியும் இல்லை, தடியும் இல்லை. நீலக் கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு எட்டு மணி நேரம் கால் கடுக்க நின்று, "தொடாதீர்கள்" என்று சொல்வதுதான் வேலை. அகதியாக வந்து, உணவகத்தில் சட்டி கழுவி, அலுவலகங்கள் கூட்டித் துடைத்து, கடைசியில் செத்துப்போன ஒரு நாட்டுக்குக் காவல் நிற்கிறேனே என்று வீட்டில் எல்லோருக்கும் சிரிப்பு. தொடக்கத்தில் எனக்கும் அந்தச் சனத்தில் பெரிய மரியாதை இருக்கவில்லை. இரண்டு ஆறுகளுக்கு நடுவில், கல்லும் நல்ல மரமும் இல்லாத சேற்று நிலம் அவர்களுடையது. அந்தச் சேற்றில் வீடு கட்டினார்கள், கோயில் கட்டினார்கள், அரிவாள்கூடச் செய்து சுட்டார்கள். எழுதியதும் அதே சேற்றில்தான்.

எழுதிய களிமண் பலகைகள் என் கூடத்தின் மூலையில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கின்றன. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். பள்ளிப் பிள்ளைகள் பிஸ்கட் என்று சொல்லிச் சிரித்துவிட்டு ஓடிவிடுவார்கள். விளக்கம் சொல்லும் ஜெர்மன் பெண்மணி மட்டும் அங்கேதான் அதிக நேரம் நிற்பார். ஒரு பலகையில் கோயில் தறிக்கூடத்தில் வேலை செய்த பெண்களின் பெயர்கள் இருக்கின்றனவாம். யாருக்கு எவ்வளவு பார்லி என்று எழுதிக்கொண்டு போனவன், சில பெயர்களுக்குப் பக்கத்தில் 'செத்துவிட்டாள்' என்று ஒரு குறியும், வேறு சிலவற்றுக்குப் பக்கத்தில் 'தப்பி ஓடிவிட்டாள்' என்று இன்னொரு குறியும் போட்டிருக்கிறான். வந்தவர்கள் "ஆ" என்று வாய் பிளந்துவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விடுவார்கள். ஓடி வந்தவள் ஒருத்தி நீலக் கோட்டோடு அருகிலேயே நிற்பது அவர்களுக்குத் தெரியாது.

எனக்கு அந்த இரண்டு குறிகளும் போதவில்லை. என் அண்ணன் இரண்டிலும் இல்லை. எங்கள் நாட்டில் போரின் கடைசி நாட்களில் அவரும் அவர் மனைவியான என் மச்சாளும் சனத்தோடு சனமாக நடந்து இராணுவத்தின் பக்கம் வந்தார்கள். ஆண்களைத் தனியாக நிறுத்தி, விசாரித்துவிட்டு விடுவோம் என்று சொல்லி பஸ்ஸில் ஏற்றினார்கள். பஸ் போனதை மச்சாள் பார்த்துக்கொண்டு நின்றார். அதன் பிறகு ஒரு தகவலும் இல்லை. மச்சாள் பேர்லினுக்கு வந்த பிறகும் தாலியைக் கழற்றவில்லை, பொட்டை அழிக்கவில்லை.

ஒருநாள் அந்த ஜெர்மன் பெண்மணியிடம் கேட்டேன், என்ன ஆனாள் என்றே தெரியாத பெண்ணுக்கு என்ன குறி போட்டார்கள் என்று. தனக்குத் தெரிந்து அப்படி ஒன்று இல்லை என்றார். "எழுதுகிறவனுக்குப் பட்டியல் முடிய வேண்டும். ஏதாவது ஒன்றைப் போட்டிருப்பான்." நாலாயிரம் வருடத்துக்கு முன் மண்ணாகிவிட்ட அந்த ஆளை அன்று முழுக்க நின்ற இடத்திலேயே திட்டினேன். அடுத்த மாதம் அவன் செய்ததையே நானும் செய்தேன்.

மச்சாளின் நிரந்தர வதிவிட அனுமதிக்கு வெளிநாட்டவர் அலுவலகத்தில் ஒரு டெர்மின், சந்திப்பு நேரம், கிடைத்திருந்தது. எங்கள் குடும்பத்தில் யாருக்கு அலுவலகத்தில் என்ன வேலை என்றாலும் மொழிபெயர்க்கக் கூப்பிடுவது என்னைத்தான். அதிகாரி இளம் பெண், மரியாதையானவள். அன்ட்ராக் என்ற விண்ணப்பத்தைப் புரட்டிக்கொண்டே கேட்டாள்: "கணவர் உயிரோடு இருக்கிறாரா?"

இதை நான் தமிழில் திருப்பி மச்சாளிடம் கேட்க வேண்டும். இத்தனை வருடங்களில் எங்கள் வீட்டில் ஒருவரும் அவரிடம் கேட்காத கேள்வி அது. "இறந்துவிட்டார்," என்று நானே ஜெர்மனில் சொன்னேன். இறப்புச் சான்றிதழைப் பிறகு தரலாம், இப்போதைக்குக் கையெழுத்துப் போதும் என்றாள் அவள். 'விதவை' என்ற கட்டத்தில் நான் புள்ளடி போட்டேன்.

"என்னவாம்?" என்று மச்சாள் கேட்டார்.

"ஒண்டுமில்லை மச்சாள். கையெழுத்து வைக்கட்டாம்."

வைத்தார். அவருக்காகத்தான் செய்தேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்ளலாம். உண்மை என்னவென்றால், அந்தப் புள்ளடியைப் போட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அண்ணன் செத்துவிட்டார் என்று நான் எப்போதோ முடிவு செய்துவிட்டிருந்தேன்.

மச்சாள் மொழி வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்ததை நான் பெரிதாக எடுக்கவில்லை. அங்கே முதல் பாடத்திலேயே மணமாகாதவர், மணமானவர், விதவை என்று சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். 'விதவை' என்று எழுதிய அலுவலகக் கடிதம் வந்த மறுநாள், கடிதத்தோடு நேரே என் கூடத்துக்கு வந்து நின்றார். நெற்றியில் பொட்டு வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தது.

"செத்தவர் எண்டு உமக்கு ஆர் சொன்னது? நீர் கண்டனீரோ?"

"இல்லை மச்சாள்."

"நான் அவர் பஸ்ஸில ஏறினதைத்தான் கண்டனான். அதுக்கு அங்கால நானே காணேல்லை. நீர் எப்பிடிக் கண்டனீர்?"

அந்தப் பலகையைக் காட்டினேன். இந்தத் தறிக்கூடப் பெண்களை எழுதியவனுக்கும் செத்தாள், ஓடினாள் என்று இரண்டு குறிதான் இருந்தது, எனக்கும் வேறு கட்டம் இருக்கவில்லை என்று உளறினேன். மச்சாள் குனிந்து கண்ணாடிக்குள் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இவனும் அந்தப் பொம்பிளையளின்ர வீட்டில ஒருக்காக் கேட்டுப்போட்டுத்தானே எழுதியிருப்பான்? நீர் என்னைக் கேக்கேல்லையே."

அன்று வேலை முடியும்வரை நான் யாரிடமும் "தொடாதீர்கள்" என்று சொல்லவில்லை.

திருத்த வேண்டும் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றார். இன்னொரு டெர்மின் எடுத்தோம். அதே அதிகாரி பழைய தாளையும் புதிய தாளையும் அருகருகே வைத்துப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது. முதலில் இறந்துவிட்டார் என்றீர்கள், இப்போது தெரியாது என்கிறீர்கள், பொய்த் தகவல் என்றால் அனுமதியே கிடைக்காமல் போகும் என்றாள். எழுதியது நான்தான், பிழை என்னுடையது என்றேன். "கையெழுத்து அவருடையது. அவரிடம் கேளுங்கள். முதலில் எழுதியது பொய்யா?"

இந்தமுறை ஒரு சொல்லும் விடாமல் தமிழில் கேட்டேன். அவர் ஓம், தனக்குத் தெரியாமல் நான் எழுதியது என்று சொன்னால் போதும், பழி என் தலையில் விழும். அதற்காகத்தான் வந்திருந்தேன். அவர் சொல்லத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

மச்சாள் பழைய தாளைத் தன் பக்கம் இழுத்து, தன் கையெழுத்தைப் பார்த்தார். அதிகாரி பேனாவை மூடிவைத்தாள்.

"அது பொய்யெண்டு சொல்ல எனக்கு ஏலாது எண்டு சொல்லும்," என்றார்.

பஸ் போன நாளிலிருந்து, அண்ணன் செத்திருக்கலாம் என்ற சொல் அவர் வாயில் வந்ததில்லை. அதிகாரி என் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். நான் அதை ஜெர்மனில் சொன்னேன்.